மகிழ்ச்சியை வரவழைக்க முடியாது, நன்றி சொல்லலாம்

ஆராதனை தொடங்கும்போது பாடல் நடத்துபவர் ஒலிபெருக்கியில் சொல்வார்: "எல்லாரும் சந்தோஷமாகப் பாடுவோம்!" நாமும் எழுந்து நிற்போம். வாய் பாடும். மனசு மட்டும் வேறெங்கோ இருக்கும். முந்தாநாள் வந்த மருத்துவ ரிப்போர்ட்டில் இருக்கும், கிளம்பும்போது வீட்டில் நடந்த சண்டையில் இருக்கும், கட்டாமல் விட்ட கடன் தவணையில் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் கண்களை மூடிக் கைகளை உயர்த்திப் பாடுவதைப் பார்த்தால் இன்னும் சங்கடம். இவருக்கு வருகிறது, எனக்கு ஏன் வரவில்லை? கிறிஸ்தவ வழிபாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கேள்வி எழுவதாக நினைக்க வேண்டாம். பல வருடங்களாக வருகிறவர்களும் இதை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். நானும் வைத்திருந்தேன்.

மகிழ்ச்சி தூக்கம் மாதிரி. 'இப்போது தூங்கியே ஆகவேண்டும்' என்று பிடிவாதமாகப் படுத்தால் அன்றைக்கு விடிய விடிய விழித்திருக்க வேண்டியதுதான். ஆனால் பாயை விரிக்கலாம், விளக்கை அணைக்கலாம். அவை நம் கையில் இருக்கின்றன. நன்றி சொல்வது இந்தப் பாய் விரிக்கிற வேலை. உணர்வு வந்த பிறகுதான் செய்ய முடியும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, வராதபோதும் செய்யலாம். வேதாகமத்தில் ஆராதனையின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும் இடங்களைப் புரட்டினால், பல இடங்களில் இரண்டு வரி முன்னாலோ பின்னாலோ நன்றி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதிகம் சொல்லும் சொல் 'ஸ்தோத்திரம்'. பழைய தமிழ் வேதாகமத்தில் 103ஆம் சங்கீதம் (சங்கீதம் என்றால் வேதாகமத்தில் உள்ள வழிபாட்டுப் பாடல்) "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி; அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறது. ஆதிச் சபைகளுக்கு நிருபங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல், தெசலோனிக்கேயாவில் இருந்த சபைக்கு எழுதும்போது "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிறார். முதல் இடத்தில் உள்ள எபிரெயச் சொல் போற்றுவதைக் குறிப்பது. இரண்டாவது இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் நேரடியாக நன்றி சொல்வதைக் குறிப்பது. தமிழில் இரண்டும் ஒரே சொல்லாகிவிட்டன. இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நன்றியும் துதியும் பக்கத்து வீடுகள் என்பது நமக்குத் தானாகவே புரிந்துவிடுகிறது, அது லாபம். நஷ்டம் என்னவென்றால், நூறு தடவை ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, எதற்காகச் சொன்னோம் என்று ஒரு தடவைகூட யோசிக்காமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

'நன்றி' என்ற சொல்லிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பழந்தமிழில் அது நாம் வாயால் சொல்வதைக் குறிக்கவில்லை. பிறர் நமக்குச் செய்த நன்மையைக் குறித்தது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குப் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. சொல்லுதல் என்று இல்லை, அறிதல் என்று இருக்கிறது. ஒருவர் செய்த நல்லதை, அவர்தான் செய்தார் என்று தெரிந்துவைத்திருப்பது. குறள் கிறிஸ்தவ நூல் இல்லைதான். ஆனாலும் ஆராதனையில் நன்றி என்ன வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த 'அறிதல்'தான்.

கிரேக்க மொழியில், அதாவது புதிய ஏற்பாடு எழுதப்பட்ட மொழியில், 'காரிஸ்' என்றால் கிருபை. 'காரா' என்றால் மகிழ்ச்சி. 'யூகாரிஸ்தியா' என்றால் நன்றி. மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை. சொற்கள் சொந்தக்காரர்கள் என்பதால் மட்டுமே கருத்துகளும் அப்படித்தான் என்று சாதிக்க முடியாது. பிரசங்கங்களில் இந்த வேர்ச்சொல் வித்தையை அளவுக்கு மீறிச் செய்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் இங்கே சொல்லும் பொருளும் ஒன்றாகவே போகின்றன. கிருபை கடவுளிடமிருந்து இறங்குகிறது, நன்றி அவரிடம் திரும்பிப் போகிறது, அந்தப் போக்குவரத்தில் மகிழ்ச்சி பிறக்கிறது.

அந்த மூன்றாவது சொல்தான், சபையார் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கும் பெயராயிற்று. காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் இயேசு அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, பிட்டுக் கொடுத்தார் என்று பவுல் எழுதுகிறார். அதனால் ஆதித் திருச்சபை அந்த விருந்தையே 'நன்றி' என்று அழைத்தது. கத்தோலிக்கர் நற்கருணை என்று சொல்வது இதைத்தான். கி.பி. 150 வாக்கில் ரோமில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன், ஞாயிற்றுக்கிழமை வழிபாடு எப்படி நடந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்: வாசிப்பு முடியும், தலைமை தாங்குபவர் பேசுவார், பிறகு அப்பத்தையும் திராட்சரசத்தையும் முன்வைத்து அவர் தம்மால் முடிந்த அளவு ஜெபங்களும் நன்றிகளும் ஏறெடுப்பார், மக்கள் 'ஆமென்' என்பார்கள். 'தம்மால் முடிந்த அளவு' என்ற சொற்கள் எனக்குப் பிடிக்கும். நன்றி சொல்லி முடிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

லேயாள் வைத்த நான்காவது பெயர்

கோட்பாட்டை விடுவோம். ஆதியாகமம் 29ஆம் அதிகாரத்தில் ஒரு பெண்.

யாக்கோபு விரும்பியது ராகேலை. அவளுக்காக ஏழு வருடம் வேலை செய்தான். கல்யாண இரவில் மாமன் லாபான் ஏமாற்றி, மூத்தவள் லேயாளை அனுப்பிவிட்டான். விடிந்த பிறகுதான் யாக்கோபுக்கு விஷயம் தெரிந்தது. அவனுடைய கோபம் நமக்குத் தெரியும். அந்தக் காலையில் லேயாளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று வேதாகமம் சொல்வதில்லை.

அவளுக்கு மகன்கள் பிறக்கிறார்கள். அவள் வைக்கும் பெயர்களைக் கவனியுங்கள். முதல் மகன் ரூபன்: கடவுள் என் சிறுமையைப் பார்த்தார், இனி என் புருஷன் என்னை நேசிப்பார். இரண்டாவது சிமியோன்: நான் அற்பமாக எண்ணப்பட்டதைக் கர்த்தர் கேட்டார். மூன்றாவது லேவி: மூன்று மகன்களைப் பெற்றுவிட்டேனே, இப்போதாவது என் புருஷன் என்னோடு சேர்ந்திருப்பார். ஒவ்வொரு பிள்ளையும் புருஷனுக்கு அனுப்பும் ஒரு விண்ணப்பம் மாதிரி. கையில் குழந்தை இருக்கிறது, கண் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான்காவது மகனுக்கு அவள் யூதா என்று பெயர் வைக்கிறாள். "இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்" என்கிறாள், அவ்வளவுதான். புருஷன் பேச்சே இல்லை. அவன் மாறிவிட்டதாகவும் கதை சொல்லவில்லை. இந்தப் பெயரோடு ஒலியில் ஒட்டி நிற்கும் எபிரெய வினைச்சொல்லுக்குத் துதிப்பது, நன்றியோடு அறிக்கையிடுவது என்று பொருள். அதே வினையிலிருந்துதான் 'தோதா' என்ற சொல்லும் வருகிறது. இன்றும் எபிரெயம் பேசுகிறவர்கள் 'நன்றி' என்று சொல்ல 'தோதா' என்றுதான் சொல்கிறார்கள்.

முதல் மூன்று பிரசவங்களுக்கும் நான்காவதற்கும் நடுவில் அவளுடைய சூழ்நிலையில் நமக்குத் தெரிந்து எதுவும் மாறவில்லை. பார்வை திரும்பியிருக்கிறது. இதுவரை 'எனக்கு இன்னும் எது கிடைக்கவில்லை' என்று பார்த்தவள், இந்தத் தடவை கையில் இருப்பதைப் பார்த்து, அதைத் தந்தவரைப் பார்க்கிறாள். செய்ந்நன்றி அறிதல் என்றால் இதுதான்.

அடுத்த அதிகாரத்திலேயே லேயாளும் ராகேலும் மறுபடி போட்டியில் இறங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் நன்றி சொல்லிவிட்டால் அந்த மகிழ்ச்சி ஆயுசுக்கும் வரும் என்று வேதாகமம் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் ஆராதனை வாரம் தவறாமல் நடக்கிறது.

கொடையிலிருந்து கொடுத்தவரிடம்

சரி, இப்படிப் பார்வை திரும்புவதால் ஏன் மகிழ்ச்சி வரவேண்டும்? லூக்கா 17ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் குஷ்டரோகிகளின் கதையை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பாருங்கள். அவர்கள் தூரத்தில் நின்று, சத்தம் போட்டு உதவி கேட்கிறார்கள். ஆலயக் குருக்களான ஆசாரியர்களிடம் போய்க் காட்டுங்கள் என்கிறார் இயேசு. போகிற வழியிலேயே பத்துப் பேரும் குணமாகிறார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வருகிறான், அவன் யூதர்கள் அந்நியனாகப் பார்த்த சமாரியன். கேட்டபோது போட்ட அதே அளவு உரத்த சத்தத்தோடு கடவுளை மகிமைப்படுத்திக்கொண்டு வருகிறான். முதலில் தூரத்தில் நின்றவன் இப்போது இயேசுவின் காலடியில் விழுந்து கிடக்கிறான்.

பத்துப் பேருக்கும் ஒரே கொடைதான் கிடைத்தது. ஒன்பது பேர் புதுத் தோலோடு வீட்டுக்குப் போனார்கள். அதில் சந்தோஷம் இல்லாமல் இருந்திருக்காது, கண்டிப்பாக இருந்திருக்கும். ஆனால் திரும்பி வந்தவனுக்குத் தோலும் கிடைத்தது, அதைக் கொடுத்தவரும் கிடைத்தார். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசு கேட்பதை அவமரியாதையால் வந்த கோபம் என்று பலர் வாசிக்கிறார்கள். எனக்கு அது விருந்துக்கு வராதவர்களைத் தேடுகிற குரலாகத்தான் கேட்கிறது.

உடல்நலம் மறுபடியும் கெடலாம். வேலை போகலாம். பிள்ளைகள் வளர்ந்து தூரத்து ஊருக்குப் போய்விடலாம். மகிழ்ச்சி கொடையில் மட்டும் ஊன்றி நின்றால், கொடை ஆடும்போது அதுவும் ஆடும். நன்றி அதைப் பிடுங்கி, கொடுத்தவரிடம் நட்டுவைக்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கைப்படி கொடுத்தவர் மாறாதவர். ஆராதனையில் தேடப்படும் மகிழ்ச்சிக்கு வேர் அங்கேதான்.

ஒரு சின்ன இடைச்செருகல். நன்றியுணர்வு மனநலத்துக்கு நல்லது என்று உளவியலாளர்களும் சொல்கிறார்கள். 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இருவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு நன்றிக் குறிப்பேடு எழுதும் வழக்கம் பரவலாயிற்று. நல்ல விஷயம்தான். ஆனால் குறிப்பேட்டில் 'இன்று நல்ல மழை, மகிழ்ச்சி' என்று எழுதி மூடிவிடலாம். ஆராதனையில் அப்படி முடியாது. 'நன்றி' என்றவுடன் 'யாருக்கு?' என்ற கேள்வி வந்துவிடும். அங்கே நன்றிக்கு முன்னிலையில் ஒருவர் வேண்டும்.

கூடை, நாற்பது அப்பம், மதில்மேல் நடந்த பாட்டு

இந்த முன்னிலை எப்படி வருகிறது என்பதை உபாகமம் 26ஆம் அதிகாரம் அழகாகக் காட்டுகிறது. விவசாயி தன் முதல் விளைச்சலில் கொஞ்சம் எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு ஆலயத்துக்கு வரவேண்டும். ஆசாரியன் கூடையை வாங்கிப் பலிபீடத்துக்கு முன்னால் வைப்பான். வந்தவர் சும்மா நின்றுவிட்டுப் போக முடியாது. வாய்விட்டு ஒரு கதை சொல்ல வேண்டும். என் தகப்பன் அலைந்து திரிந்தவன், கொஞ்சம் பேரோடு எகிப்துக்குப் போனான், அங்கே எங்களை ஒடுக்கினார்கள், கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்.

அந்த முதல் வரியைத் தாண்டியதும் கதை 'நாங்கள்', 'அவர்' என்றே போகிறது. கடைசி வரியில் திடீரென்று மாறுகிறது: கர்த்தாவே, நீர் எனக்குக் கொடுத்த நிலத்தின் முதற்பலனை இதோ கொண்டுவந்தேன். 'அவர்' போய் 'நீர்' வந்துவிட்டது. 'நாங்கள்' போய் 'எனக்கு' வந்துவிட்டது. யாரோ எப்போதோ வாங்கிய நன்மை கூடை கொண்டுவந்தவரின் சொந்த நன்மையாகிறது. அடுத்த வசனம் என்ன சொல்கிறது தெரியுமா? கர்த்தர் உனக்குத் தந்த எல்லா நன்மைக்காகவும் நீயும், லேவியனும் (ஆலயப் பணி செய்பவர்), உன்னிடத்தில் இருக்கிற பரதேசியும் (வேற்று நாட்டவர்) சந்தோஷப்படுங்கள் என்கிறது. சந்தோஷம் வரிசையில் கடைசியாக வருகிறது. கூடை, கதை, 'நீர்' என்ற அழைப்பு, அப்புறம் சந்தோஷம்.

பரதேசியும் அந்தச் சந்தோஷத்தில் சேர்க்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். தனியாகச் சந்தோஷப்படச் சொல்லவில்லை. லேவியராகமம் 7ஆம் அதிகாரம் சொல்லும் நன்றிப் பலிக்கு இன்னும் கறாரான விதி உண்டு: இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், காலை வரைக்கும் மிச்சம் வைக்கக் கூடாது. அதோடு படைக்கும் அப்பங்கள் 40 என்று யூத மரபுநூலான மிஷ்னா கணக்குச் சொல்கிறது. அதில் ஆசாரியனுக்கு 4. ஒரு ஆட்டின் இறைச்சியையும் மீதி 36 அப்பத்தையும் ஒரே நாளில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் சாப்பிட்டு முடிக்க முடியுமா? நாலு பேரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். வந்தவர்கள் 'என்ன விசேஷம்?' என்று கேட்பார்கள். சொல்லியாக வேண்டும். நன்றி வீட்டுக்குள் அடைந்து கிடக்க அந்த விதி இடமே கொடுக்கவில்லை.

நல்ல செய்தி வந்த நேரத்தில் வீட்டில் யாரும் இல்லாமல் இருந்ததுண்டா? கையில் போனை வைத்துக்கொண்டு, யாரிடம் முதலில் சொல்வது என்று தவிப்போமே, அந்தத் தவிப்பு இதற்குச் சாட்சி. சொல்லிய பிறகுதான் அது முழுச் சந்தோஷமாகிறது. சபைகளில் சாட்சி சொல்லும் நேரம் என்று வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

யூதர்களின் தலைவர் நெகேமியா, இடிந்து கிடந்த எருசலேமின் மதிலை 52 நாளில் கட்டி முடித்தார். பிரதிஷ்டை நாளில் இரண்டு பெரிய பாடகர் கூட்டங்களை மதில்மேல் ஏற்றி, ஒன்றை ஒரு திசையிலும் மற்றதை எதிர்த் திசையிலும் நடக்கவைத்தார். இரண்டும் சுற்றிவந்து ஆலயத்தில் சந்தித்தன. எபிரெய மூலத்தில் அந்தக் கூட்டங்களுக்குப் பெயர், சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'இரண்டு பெரிய நன்றிகள்'. மதில்மேல் நடந்து போனது நன்றியேதான் என்பது போல. பெண்களும் பிள்ளைகளும்கூடக் களிகூர்ந்தார்கள், எருசலேமின் களிப்பு தூரத்தில் கேட்டது என்று அந்த அத்தியாயம் சொல்கிறது. நன்றி நடந்தது, மகிழ்ச்சி கேட்டது.

நன்றிக்கடன் என்ற தொல்லை

தமிழில் 'நன்றிக்கடன்' என்று ஒரு சொல் இருக்கிறது. மனிதர்களுக்குள் அது சரிதான். ஆனால் கடவுளிடம் அதே கணக்கோடு போனால் மகிழ்ச்சி அங்கேயே செத்துவிடும். கடன்காரன் கடன் கொடுத்தவரைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவான், கட்டிப்பிடிக்க மாட்டான். 'கடவுள் எனக்கு இவ்வளவு செய்தார், பதிலுக்கு நான் செய்தாக வேண்டும்' என்ற பாரத்தோடு ஆராதனைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர்.

116ஆம் சங்கீதத்தை எழுதியவருக்கும் இந்தக் கேள்வி வந்தது. கர்த்தர் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும் அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன் என்று கேட்கிறார். பதிலாகப் பெரிய பட்டியல் வரும் என்று நாம் எதிர்பார்ப்போம். முதலில் அவர் சொல்வது இது: இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்வேன். கொடுப்பதைப் பற்றிக் கேட்டவர் மறுபடியும் எடுத்துக்கொள்கிறார்! வாங்கியதற்கு நன்றி சொல்லும் வழி, நீட்டிய பாத்திரத்தை மனசார வாங்கிக் குடிப்பது. பொருத்தனைகளை, அதாவது நேர்ந்துகொண்டதைச் செலுத்துவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1563இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை என்ற கிறிஸ்தவப் போதனை நூலும் இதே வரிசையில்தான் அமைந்திருக்கிறது. 129 கேள்விகள், மூன்று பாகங்கள்: மனிதனின் துயரம், அவனுடைய மீட்பு, நன்றி. ஜெபத்தைப் பற்றிய பாடம் மூன்றாவது பாகத்தில் வருகிறது. நன்றியின் முக்கியமான பகுதியே ஜெபம்தான் என்று அது சொல்கிறது. மீட்பு முடிந்த பிறகுதான் நன்றி வருகிறது. விலை கொடுத்து வாங்கும் பேச்சுக்கே அங்கே இடம் இல்லை.

இதே இடத்தில் இன்னொரு போலி நன்றியையும் காட்டிவிடலாம். லூக்கா 18இல் ஆலயத்துக்குப் போகும், மதச்சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கும் பரிசேயரின் ஜெபம் "தேவனே" என்ற அழைப்போடும் ஸ்தோத்திரத்தோடும்தான் தொடங்குகிறது. எதற்கு நன்றி? மற்றவர்களைப் போல, அதோ அந்த வரிவசூல்காரனைப் போல நான் இல்லையே, அதற்கு. ஒப்பிட்டுச் சொல்லும் நன்றியில் பார்வை பக்கத்து ஆளிடம் போய், அங்கிருந்து தன்னிடமே திரும்பிவிடுகிறது. கடவுள் வழியில் ஒரு சாக்கு மட்டும்தான். 'அவர்களுக்கு அது இல்லை, நமக்கு இருக்கிறதே' என்று பிள்ளைகளுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுக்கும்போது நானும் இதைச் செய்திருக்கிறேன்.

நன்றி சொல்ல வாய் வராத நாள்

இனி கடினமான பகுதி. 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்றால், பிள்ளையைப் பறிகொடுத்தவர் அதற்காக நன்றி சொல்ல வேண்டுமா?

பவுல் அந்த வசனத்தில் எழுதியது 'எல்லாவற்றிலேயும்' என்பது. எந்த நிலைமைக்குள் இருந்தாலும் என்று பொருள். எபேசியர் நிருபத்தில் 'எல்லாவற்றிற்காகவும்' என்றும் எழுதியிருக்கிறாரே என்று வேதாகமம் தெரிந்தவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஆனால் தீமையைத் தீமை என்று சொல்லத் தயங்காத அதே பவுல், தீமைக்கே நன்றி சொல்லச் சொன்னார் என்று எடுத்துக்கொள்வது அவருடைய மற்ற எழுத்துகளோடு பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். துக்க வீட்டில் போய் 'இதற்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்' என்று சொல்கிறவர்களைப் பார்த்தால், கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லத் தோன்றும்.

சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். புலம்பலும் ஆராதனைதான். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தொடங்குகிறது. கர்த்தர் எனக்கு நன்மை செய்ததால் அவரைப் பாடுவேன் என்று முடிகிறது. நடுவில் பிரச்சினை தீர்ந்ததாக ஒரு வரிகூட இல்லை. 88ஆம் சங்கீதமோ அந்தத் திருப்பம்கூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் தொகுத்தவர்கள் நீக்காமல் வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சி வராத ஆராதனை தோற்றுப்போன ஆராதனை இல்லை என்பதற்கு எனக்கு அந்தச் சங்கீதம் போதும்.

ஆபகூக் தீர்க்கதரிசி பட்டியலே போடுகிறார்: அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சையில் பழமில்லை, வயலில் தானியமில்லை, தொழுவத்தில் மாடில்லை. கொடைகள் ஒவ்வொன்றாகக் கழிந்துபோகின்றன. மீதி இருப்பது கொடுத்தவர் மட்டும். 'ஆனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்' என்கிறார். பிலிப்பி நகரச் சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடினார்கள். பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தது அதற்குப் பிறகு. பாடும்போது கதவு பூட்டியேதான் இருந்தது. பல வருடம் கழித்து, மறுபடியும் காவலில் இருந்துகொண்டு அதே ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் தொடக்கமே நன்றிதான். உங்களை நினைக்கிறபோதெல்லாம் என் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறார். அதே மூச்சில் சந்தோஷத்தோடு விண்ணப்பம் செய்வதாகவும் சொல்கிறார்.

பிற்காலத்திலிருந்தும் ஒருவரைச் சொல்கிறேன். முப்பதாண்டுப் போர் (1618–1648) நடந்த காலத்தில் ஜெர்மனியின் ஐலன்பர்க் நகரில் போதகராக இருந்தவர் மார்ட்டின் ரிங்கார்ட். 1637இல் அங்கே கொள்ளைநோய் வந்தது. அந்த ஒரே வருடத்தில் ஆயிரக்கணக்கானோரை அவர் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் அவருடைய மனைவி. அந்தப் போர்க்காலத்தில் அவர் எழுதிய நன்றிப் பாடல் உலகமெங்கும் இன்றைக்கும் பாடப்படுகிறது. கொள்ளைநோய்க்கு நன்றி சொன்ன பாட்டு அல்ல அது. தாய்மடியில் இருந்த காலம் முதல் கடவுள் செய்துவந்த நன்மைகளை எண்ணிச் சொல்கிற பாட்டு.

எங்கிருந்து தொடங்குவது

கொஞ்ச காலத்துக்கு முன்னால், ஆராதனைக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் உட்கார்ந்து, அந்த வாரத்தின் நன்மைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முதல் மூன்று வரி: ஜீவன், சுகம், பெலன். ஜெபத்தில் வழக்கமாகச் சொல்வது. எழுதும்போது உள்ளே ஒன்றும் அசையவில்லை. நான்காவது வரிக்கு ஒன்றும் தோன்றாமல் கொஞ்சம் யோசித்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு மருத்துவமனை வராந்தாவில் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர், நான் கேட்காமலேயே தம் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டியது ஞாபகம் வந்தது. அதை எழுதியவுடன் கண் கலங்கியது. அன்றைக்கு என்னை யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று தோன்றியது. அதற்குப் பிறகு பாட எழுந்தபோது யாரும் என்னைச் சந்தோஷப்படச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதனால் நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான்: பொதுவாகச் சொல்லாதீர்கள், குறிப்பாகச் சொல்லுங்கள். 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்பது எதற்கும் இல்லாத நன்றியாகப் போய்விடும் ஆபத்து உண்டு. நாள், இடம், ஆள், பொருள் என்று ஏதாவது ஒன்று அதில் இருக்கட்டும். இயேசு சபைத் துறவிகளின் நிறுவனர் இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த மனச்சோதனை முறையிலும் முதல் படி இதுதான். பாவங்களைத் தோண்டுவதற்கு முன்னால், வாங்கிய நன்மைகளுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லச் சொல்கிறார்.

கூட்டமாகச் செய்ய 136ஆம் சங்கீதம் நல்ல மாதிரி. 26 வசனம், 26 தடவையும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற பதில். வானத்தை உண்டாக்கியது முதல் வழிப்பயணத்தில் ராஜாக்களை முறியடித்தது வரைக்கும் ஒருவர் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். எங்கள் சிறிய ஜெபக்கூட்டத்தில் ஒருநாள் முதல் வரிகளை அவரவர் சொந்தமாகச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். சுற்று வந்தது. மகனுக்கு வேலை கிடைத்ததை ஒருவர் சொன்னார். 'அவர் கிருபை என்றுமுள்ளது.' அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை ஒருவர் சொன்னார். 'அவர் கிருபை என்றுமுள்ளது.' மூட்டுவலியால் பல மாதமாகத் தூக்கமில்லாமல் இருந்த ஒரு பாட்டியின் முறை வந்தது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினேன்" என்றார். நாங்கள் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் கையைக் காட்டி நிறுத்தி, "இல்லை, நாலரை" என்று திருத்தினார். பாதிப் பேர் சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார், அந்தச் சிரிப்போடேயே எல்லாரும் பதில் சொன்னோம்.